வெர்சாய்க்கு நடந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில், "அத்தனை பேர் தலையை வெட்டிவிட்டுக் கடைசியில் நெப்போலியன்தானே முடிசூட்டிக்கொண்டான், பிரெஞ்சுப் புரட்சியால் யாருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டாய். நீ வாழும் பாரிஸின் கதை அது. இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் காலத்தில் பாரிஸிலும் அதைச் சுற்றிய மாகாணங்களிலும் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவர் பேருக்கும் வருடத்துக்குச் சுமார் 7 கிலோ உப்பை அரசாங்கக் கிடங்கில் வாங்கியே தீரவேண்டும், அதுவும் அவர்கள் சொன்ன விலைக்கு. அதே உப்பு பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானி மாகாணத்தில் கொள்ளை மலிவு. இந்த வரியைக் கட்ட முடியாமல் ஏழைகள் திணற, பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் பல வரிகளில் விலக்கு. 1788-இல் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது, பின்னாலேயே கொடும் குளிர். மறு வருடம் ஒரு கூலியாளின் நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போனது.

1789 ஜூலை 14-இல் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் விழுந்ததை எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பெரிய நாள் அக்டோபர் 5. அன்று காலை பாரிஸ் சந்தைப் பெண்கள் நகர மண்டபத்துக்குள் புகுந்து, கையில் கிடைத்த ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு, ரொட்டி கேட்டு, ராஜாவின் அரண்மனை இருந்த வெர்சாய்க்குக் கிளம்பினார்கள். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், கொட்டும் மழை. தேசிய சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்துக்கும் நிலப்பிரபுத்துவ ஒழிப்புக்கும் ஒப்புதல் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த ராஜா பதினாறாம் லூயி அன்றிரவே சம்மதித்தான். விடிந்ததும் கூட்டம் அரண்மனைக்குள் நுழைந்தது, காவலர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றே ராஜ குடும்பத்தைப் பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள், கூடவே மாவு வண்டிகளும் வந்தன. அதற்குப் பிறகு எந்த ராஜாவும் வெர்சாயில் குடியிருக்கவில்லை. 1792 செப்டம்பரில் மன்னராட்சியே போனது, அடுத்த ஜனவரியில் லூயியின் தலையும்.

ரத்தத்தை நான் மறைக்கவில்லை, கண்ணு. புரட்சி அரசு தன் எதிரிகள் என்று கருதியவர்களை வேட்டையாடிய 1793-94 'பயங்கர ஆட்சி'யில் தீர்ப்பு எழுதிக் கொன்றவர்களே சுமார் 17,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் இல்லை, சாதாரண சனங்கள். அது கொடுமைதான், அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

ஆனால் எது நிலைத்தது என்று பார். குடியானவன் பண்ணையாருக்குக் கட்டிய வரியும், தேவாலயத்துக்கு அளந்த தசம பாகமும் ஒழிந்தன. பிறப்பும் கல்யாணமும் தேவாலயப் பதிவேட்டிலிருந்து ஊராட்சிப் பதிவேட்டுக்கு வந்தன. சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. நெப்போலியன் எத்தனையோ உரிமைகளைப் பிடுங்கினான், ஒழித்த அடிமை முறையை 1802-இல் திரும்பக் கொண்டுவந்தான். ஆனாலும் பண்ணையார் வரியைத் திரும்பக் கொண்டுவர அவனால் முடியவில்லை. 1814-இல் திரும்பி வந்த ராஜ வம்சத்தாலும் முடியவில்லை. யாருக்கு என்ன கிடைத்தது என்றாயே, நிலத்தில் பாடுபட்டவனுக்கு இது கிடைத்தது.

எனக்கு ஆறாத இடம் வேறு. மழையில் நடந்த அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? பெண்ணுக்குக் கொலைமேடை ஏற உரிமை இருக்கும்போது பேச்சு மேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று 1791-இல் எழுதினாள் ஒலாம்ப் த கூஜ் என்ற பெண் எழுத்தாளர். 1793 நவம்பரில் அவளைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் பெண்கள் சங்கங்களைத் தடை செய்திருந்தார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1944-இல்.

கான்கார்ட் பாலத்தைக் கடந்தால் கொஞ்சம் நின்று பார். அதைக் கட்டி முடிக்க இடித்த பாஸ்டிலின் கற்களையும் போட்டார்கள். இதற்குப் பிறகும் உனக்கு மறுப்பு இருந்தால் கடிதமாகவே எழுது, போனில் நீ அவசரப்படுவாய்.

அன்புடன்,
அப்பா