பிளேட்லெட் கொடுத்த தம்பிக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு டெங்கு. ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் மளமளவென்று இறங்கி, மூக்கில் ரத்தக் கசிவு. வாட்ஸப்பில் சுற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு வந்தவர் நீங்கள், உணவு டெலிவரி டீ-ஷர்ட்டோடு.

சாதாரண ரத்த தானம் சட்டென்று முடிந்துவிடும். பிளேட்லெட் தானம் அப்படியில்லை. இயந்திரம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்ச ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் ராத்திரிச் சாப்பாட்டு ஆர்டர்கள் குவிகிற நேரம். உங்கள் அன்றைய வரும்படியே அதுதான்.

அதைக்கூட விடுங்கள். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கையில் பஞ்சுக்கட்டோடு கீழே இறங்கிப் போய் இட்லிப் பொட்டலத்தோடு வந்தீர்கள். "சட்னி காரம்மா, சாம்பார் தொட்டுக்குங்க" என்று பிரித்து வேறு வைத்தீர்கள். பெட்ரோல் காசு நீட்டினால் கையை உதறிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டீர்கள். பெயர் கேட்டதற்கும் சிரிப்புதான்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், தம்பி. இப்போது காபியில் சர்க்கரை குறைச்சல் என்று சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு. ரொம்ப நன்றி. இது கண்ணில் பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. மீன்குழம்பு வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.