கோயம்பேடு பஸ் நிலைய நிலத்தில் சந்தைத் தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கேட்டு மனு

அனுப்புநர்:
கோயம்பேடு காய்கறி, பழம், பூச் சந்தைகளில் வேலை செய்து, சுற்றுப்புறங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தினர்,
சென்னை.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
எழும்பூர், சென்னை - 600 008.

பொருள்: கோயம்பேடு பஸ் நிலைய வளாகத்தில் 5 ஏக்கரை, சந்தையிலும் அதைச் சுற்றியும் வேலை செய்யும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒதுக்கி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

நான் பழைய மொத்தச் சந்தையான கொத்தவால் சாவடியில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவன். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது கடையோடு நானும் வந்தேன். இப்போது ஒரு காய்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை இறக்குபவர்கள், மீன்பாடி வண்டி என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுபவர்கள், பூக்கட்டும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், சந்தை ஓரத்து மெஸ்களில் சமைப்பவர்கள் எனப் பலரும் கேட்டுக்கொண்டதால் அவர்கள் சார்பில் இந்த மனுவை எழுதுகிறேன். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்ன திருத்தங்களையும் சேர்த்திருக்கிறேன்.

2002இல் திறக்கப்பட்ட கோயம்பேடு பஸ் நிலையம் ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ளது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பஸ்கள் அங்கே போய்விட்டன. மேற்கே செல்லும் பஸ்களுக்காகக் குத்தம்பாக்கத்தில் இன்னொரு நிலையம் எழுந்தது. அன்றிலிருந்து கோயம்பேட்டு நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு ஓயவில்லை. பூங்கா வேண்டும் என்கிறார்கள் சிலர். வணிக வளாகம் வரும் என்கிறார்கள் வேறு சிலர். பூங்கா கேட்பவர்களோடு எங்களுக்கு எந்தப் பிணக்கும் கிடையாது. நெற்குன்றத்துப் பிள்ளைகளுக்கும் ஓடி விளையாட இடம் வேண்டும்தான். நகரப் பஸ்களுக்கும், இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம் - சோழிங்கநல்லூர் வழித்தடத்துக்கும் தேவையான இடமும் போகட்டும். 37 ஏக்கரில் 5 ஏக்கரைத்தான் கேட்கிறோம்.

ஏன் இங்கேயே கேட்கிறோம் என்பதற்கு எங்கள் வேலை நேரமே காரணம். இரவு பத்து மணிக்கு மேல் லாரிகள் வரத் தொடங்குகின்றன. நள்ளிரவிலிருந்து விடியும் வரை இறக்குவது, தரம் பிரிப்பது, எடை போடுவது எல்லாம் நடக்கிறது. மூன்று, நான்கு மணிக்கெல்லாம் சில்லறை வியாபாரிகள் வந்துவிடுவார்கள். மெட்ரோ ரயில் காலை ஐந்து மணிக்குத்தான் புறப்படுகிறது. சந்தையின் வாசலிலேயே இரண்டு மெட்ரோ நிலையங்கள் இருந்தும், மூட்டை இறக்குபவருக்கு வேலைக்கு வர அவை உதவுவதில்லை. முதல் ரயில் வரும்போது அவர் தன் சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருப்பார். ரயில் அருகே வீடு கட்டுங்கள் என்று திட்ட வல்லுநர்கள் சொல்வது சரிதான். எங்களுக்கோ ரயிலும் பஸ்ஸும் ஓடாத நேரத்தில் நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு வேண்டும். அப்படி வீடு கிடைக்காதவர்களில் பலர் கடை வாசல்களிலும் கோணிகளின் மேலும் உறங்குகிறார்கள். இதைத் தாங்கள் எந்த நாளும் நேரில் பார்க்கலாம்.

என் குடும்பத்தின் கதையைச் சொன்னால் மற்றவர்களின் கதையும் அதிலேயே அடங்கிவிடும். கோயம்பேட்டுக்கு வந்த புதிதில் அரும்பாக்கத்தில் குடியிருந்தோம். வாடகை ஏறியது, நெற்குன்றம் போனோம். அங்கும் ஏறியது, மதுரவாயல் போனோம். இப்போது வானகரத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிப்போனதுதான் மிச்சம். மாறும்போதெல்லாம் புது வீட்டுக்கு முன்பணம் புரட்ட வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கமும் மாறவில்லை. மூத்த மகளின் தோடு அடகுக் கடைக்குப் போய் மீண்டது இப்படித்தான் இரண்டு முறை.

எங்கள் கடையில் வெங்காயம் தரம் பிரித்த ஓர் அம்மாளை இங்கே குறிப்பிட வேண்டும். கூவம் கரையில் இருந்த அவருடைய குடிசைக்குப் பதிலாகப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, கழிப்பறை, தனிக் கதவு என்று அவர் மகிழ்ந்ததை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாக்கம் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு மாதம் முயன்று பார்த்தார். இரவு கடைசிப் பஸ்ஸில் வந்து, வேலை தொடங்கும் வரை மூட்டைகளின் மேல் சாய்ந்திருந்து, விடிந்தபின் வீடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டார். வீடு வந்தது, வேலை போயிற்று. மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இதே நிலைமையைச் சந்தித்தவர்கள் பலர் என்பது தங்கள் அலுவலகம் அறியாதது அல்ல.

தூரம் என்ன செய்யும் என்பதை 2020இல் சந்தை முழுவதுமே அனுபவித்தது. கொரோனா பரவியதால் மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் நகருக்கு வெளியே மேற்கில் உள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் இங்கே திரும்பினோம். அந்த மாதங்களில் பலர் வேலைக்கு வர முடியாமல் ஊருக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. அதே ஆண்டில்தான் மத்திய அரசு, நகரங்களில் வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகை வீட்டு வளாகங்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. அந்தத் திட்டம் யாரை மனத்தில் வைத்துத் தீட்டப்பட்டதோ, அவர்களில் எங்கள் சந்தைக்காரர்களும் உண்டு.

கணக்கு எழுதுபவன் என்பதால் ஒரு கணக்கையும் வைக்கிறேன். தவறு இருந்தால் தங்கள் அலுவலகத்துத் திட்ட அமைப்பாளர்கள் திருத்தட்டும். 5 ஏக்கர் என்பது சுமார் 20,235 சதுர மீட்டர். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயரமான கட்டடங்களுக்குத் தளப்பரப்பு குறியீடு 3.25; அதாவது எல்லா மாடிகளும் சேர்த்து நிலப்பரப்பைப் போல 3.25 மடங்கு கட்டலாம். அப்படியானால் ஏறக்குறைய 65,700 சதுர மீட்டர் கட்டலாம். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கீழ்த்தளக் கடைகளுக்கும், குழந்தைகள் காப்பகத்துக்கும், சிறு மருத்துவமனைக்கும் விட்டுவிடலாம். மாடிப்படி, நடைக்கூடம், லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 55 சதுர மீட்டர் என்று வைத்தாலும் 950 வீடுகள் வருகின்றன. பஸ் நிலையத்தின் ஏழில் ஒரு பங்கு நிலத்தில் 950 குடும்பங்கள்.

இந்த வீடுகளில் பாதியையாவது வாடகைக்கே வைத்திருக்க வேண்டும்; ஒருபோதும் விற்கக் கூடாது. இதை நாங்கள் நெடுநேரம் விவாதித்து முடிவு செய்தோம், ஏனென்றால் எங்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வீட்டின் மேல்தான் ஆசை. ஆனால் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் அரசும் பயனாளியும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் வீடு ஒன்றுக்கு மத்திய அரசு தருவது ஒன்றரை லட்சம் ரூபாய். மாநில அரசின் பங்கும் போக மீதியைப் பயனாளி கட்ட வேண்டும். அன்றாடக் கூலி வாங்குபவரிடம் வங்கி கேட்கும் சம்பளச் சான்று இருக்காது. கடன் வாங்கிக் கட்டியவரும் ஒரு பிரசவம், ஒரு விபத்து வந்தால் வீட்டை உள்வாடகைக்கு விட்டு வெளியேறிவிடுவார். பிறகு அது தொழிலாளி வீடாக இராது. அரசே வாடகைக்கு விட்டு நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளைக் காட்டுகிறோம். மாத வாடகையை வருமானத்தில் ஒரு பங்காக நிர்ணயித்து, முன்பணத்தை ஒரு மாதத்தோடு நிறுத்துங்கள். மீதிப் பாதி வீடுகளைச் சொந்தமாக ஒதுக்கினால், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்க முடியாதபடியும், பிறகு விற்றாலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கே விற்கும்படியும் ஒப்பந்தம் அமையட்டும்.

வாடகை வீடும் சொந்த வீடும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடிப்படியில் கலந்திருக்க வேண்டும். கூலிக்காரர்களுக்குப் பின்பக்கத்தில் ஒரு தொகுதி, அதற்குத் தனி வாசல் என்று பிரித்துவிடாதீர்கள்.

காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிச் சற்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். மும்பை கோவண்டியில் நெருக்கியடித்துக் கட்டப்பட்ட மறுகுடியமர்வுக் கட்டடங்களில், வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கே பகலில் உறங்குபவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பகலிலும் அமைதியான, காற்றோட்டமான ஓர் அறை வேண்டும். படுக்கையறை லாரிகள் நுழையும் பக்கம் பார்க்கக் கூடாது. பூக்கட்டும் பெண்கள் இரவில் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்ல, இரவுக் காப்பகம் வேண்டும்; பகலில் மட்டும் திறந்திருக்கும் அங்கன்வாடி இந்த இடத்துக்குப் போதாது. கார் நிறுத்தும் இடத்தைக் குறைத்து, மீன்பாடி வண்டிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் பூட்டி வைக்கும் இடம் கொடுங்கள்.

கட்டுவதை விடக் காப்பது கடினம் என்பதை அறிவோம். திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி சரிந்து விழுந்தது. குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், இரவெல்லாம் மூட்டை தூக்கியவர் படியேற வேண்டியிருக்கும். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் பராமரிப்புக்காகச் செலுத்தும் தொகைக்கு ஈடாக அரசும் தருவது நல்ல ஏற்பாடு. அதோடு, இந்த வளாகத்தின் கீழ்த்தளக் கடைகளின் வாடகை முழுவதையும் பராமரிப்பு நிதிக்கே விட்டால், யாரிடமும் கையேந்தாமல் லிஃப்டும் மோட்டாரும் ஓடும். கோயம்பேட்டில் கடை வாடகைக்கு என்ன மதிப்பு என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தங்கள் குழுமத்தில் தயாராகி வருகிறது. பஸ் நிலையத்தையும் சந்தையையும் கட்டியது தங்கள் குழுமமே. எனவே இந்த நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன்னரே, 5 ஏக்கரைச் சமூகக் குடியிருப்பு என்று வரைபடத்தில் குறித்து, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடு பேசி, முதற்கட்டச் சாத்தியக்கூறு அறிக்கைக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் அதைச் சந்தை வளாகத்திலேயே, தமிழில், மாலை நான்கு மணிக்கு மேல் வையுங்கள். காலையில் வைத்தால் நாங்கள் உறங்கிக்கொண்டிருப்போம். இரவில் வைத்தால் லாரிகள் வந்துவிடும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள் சார்பில்,
காய்கறிச் சந்தைக் கணக்கர் ஒருவர்.

இணைப்பு: மனுதாரர்களின் கையொப்பங்களும் கைரேகைகளும்; மேற்கண்ட கணக்கின் விவரத் தாள்.