நிமோனியா பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

செவிலிய மாணவர்களுக்கான பாக்டீரியா நிமோனியா குறிப்பு ஒருவழியாக முடிந்தது. முதல் வரைவில் வெறும் கிருமிப் பட்டியல்தான் இருந்தது. எந்தக் கிருமி யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் திருத்தங்களால் வந்தவை.

நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தாருக்கு முதல் நன்றி. சளி மாதிரி பற்றி நாங்கள் எழுதிய ஒற்றை வரியை நீங்கள் ஒரு பக்கமாக்கினீர்கள். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். கிருமிநாசினித் திரவம் கூடாது, அது கிருமி வளர்வதைக் கெடுக்கும். ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். 2 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும். நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் கிருமி, தாமதமானால் வளர்க்க எதுவும் மிஞ்சாது. நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்தில் 10-க்கு மேல் செதிள் செல்கள் (வாயின் உட்புறத்திலிருந்து உதிர்பவை) தெரிந்தால், வந்திருப்பது எச்சில். ஆண்டிபயாடிக்குக்கு முன்பே மாதிரி எடுப்பது நல்லது. ஆனால் சளி வரவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று நீங்கள் சேர்த்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறோம்.

நிமோனியா உண்டாக்கும் இன்னொரு கிருமியான மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை, அதனால் கிருமிகளை வகைப்படுத்தும் கிராம் சாயத்தில் தெரியாது, செல்சுவரைத் தாக்கும் பென்சிலினும் எடுபடாது என்ற விளக்கமும் உங்களுடையதே.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களே, எங்கள் பெரிய தவறைப் பிடித்தவர்கள் நீங்கள். வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) நிமோனியா என்று சொல்லக் கடந்திருக்க வேண்டிய 48 மணி நேரத்தை, நோயாளியை அனுமதித்த நேரத்திலிருந்து கணக்கிட்டிருந்தோம். மூச்சுக்குழாயில் குழாய் செருகிய நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். குழாயைச் சுற்றிக் காற்றடைத்த வளையமான கஃப்பின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவில் இருக்க வேண்டும்; குறைந்தால் மேலே தேங்கிய எச்சில் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்த ஓட்டம் தடைபடும். தடையேதும் இல்லாவிட்டால் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பதும் அதே கசிவைக் குறைக்கத்தான்.

விழுங்கல் பயிற்சியாளர்களுக்கும் நன்றி. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்ற உங்கள் எச்சரிக்கை விழுங்கல் பகுதியின் முதல் வரி.

மாணவர்களே, உங்கள் கேள்விகள் எங்களைத் திணறடித்தன, நல்லதுதான். இன்ஃபுளுவென்சாவுக்குப் பிறகு ஏன் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வருகிறது? வைரஸ் காற்றுப்பாதையின் நுண்மயிர்ப் படலத்தை அழித்துவிடுவதால், கிருமியை வெளியே தள்ள வழியில்லாமல் போகிறது. இன்ஃபுளுவென்சாவுக்குப் பிறகு நியூமோகாக்கஸ் வருவதும் சகஜம். மண்ணீரல் நீக்கப்பட்டவருக்கு ஏன் நியூமோகாக்கஸ் அபாயம்? உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் இடம் அதுதான். துருநிறச் சளி நியூமோகாக்கஸ், சிவப்பு ஜெல்லிச் சளி கிளெப்சியெல்லா என்ற கிருமி என்று மனப்பாடம் செய்வதில் தவறில்லை. நிறத்தை மட்டும் வைத்துக் கிருமியை முடிவு செய்யாதீர்கள். மதுப்பழக்கம், நீரிழிவு உண்டா என்று கேட்பது அதைவிடப் பயன்தரும்.

முதியோர் பிரிவிலிருந்து வந்த கடைசித் திருத்தம் அச்சுக்குப் போகும் முன் சேர்ந்துவிட்டது: முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பம் மட்டும் அறிகுறியாக இருக்கலாம். மூச்சு எண்ணிக்கையை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல், முழு 60 விநாடியும் எண்ணுங்கள்.

நன்றியுடன்,
பாடக்குறிப்புக் குழுவினர்