0452 எப்படி 298 ஆகிறது?

ஆசிரியருக்கு,

தானாகவே வேலைகளைச் செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்காக கான்ஃபிக் ஃபைல் (மென்பொருளின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) படிக்கும் கருவி செய்பவர்கள், அது எங்கே சறுக்கும் என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். மதுரையின் எஸ்டிடி கோடு 0452-ஐ மேற்கோள்குறி இல்லாமல், யாமல் (YAML) என்ற வடிவில் எழுதும் கான்ஃபிக் ஃபைலில் போட்டுப் பாருங்கள். யாமல் 1.1 பதிப்பின் விதிப்படி முன்னால் பூஜ்ஜியம் வந்தால் எட்டடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட எண் (4×64 + 5×8 + 2); யாமலைப் படிக்கும் பைத்தான் நிரலகமான பையாமல் 298 என்று தரும். 2009-இல் வந்த 1.2 விதிப்படி 452. இதே வேலைக்கான மற்ற வடிவங்களான ஜேசானும் (JSON) டாமலும் (TOML) பிழை என்று நின்றுவிடும், அதுவே மேல். ஆள் பார்த்தால் சந்தேகப்படுவார், ஏஜென்ட் 298-ஐ நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

எந்தப் பதிப்பின் விதி என்பது கையேட்டின் முதல் வரியிலேயே இருக்கட்டும். பிழைச் செய்தியில் வரி எண், வந்த மதிப்பு, எதிர்பார்த்த வகை மூன்றும் தேவை. வெறுமனே 'ஃபைல் தவறு' என்றால், ஏஜென்ட் சரியாக இருக்கும் வரியையும் மாற்றித் தொலைக்கும். பாஸ்வேர்டு வரியில் மட்டும் மதிப்பைக் காட்டக் கூடாது.

– மென்பொருள் துறை வாசகர்கள், மதுரை