மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 – மார்ச் 2024

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

செயற்குழுவை ஆறு முறை கூட்டினோம். அதில் இரண்டு, ஆள் சேராததால் ஒத்திவைக்கப்பட்டன. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின விழா வழக்கம்போல் நடந்தது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் நிர்மயா மருத்துவக் காப்பீடு புதுப்பிப்புக்கும் முகாம் நடத்தினோம்.

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்குத்தான் அலைச்சல் அதிகம். கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் அரசு கொடுப்பவை. ஒரு பள்ளியில், "பையன் நல்லாத்தானே பேசுறான், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டே விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். பெற்றோர் பக்கமும் தாமதம் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கு, அதாவது படிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாறுவதற்கு, 8 வயதுக்கு மேல்தான் சலுகைக்கு வேண்டிய சான்றிதழ் தருகிறார்கள். 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபரிசோதனை உண்டு. 14 வயதுப் பரிசோதனையை மறந்துவிட்டு, ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் போன் செய்தால் நான் என்ன செய்ய?

இனி, சிலர் முகம் சுளித்த, எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஞாயிறு வகுப்பு. 18 வயது தாண்டியவர்களுக்குச் சங்கப் பணம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி என்று அடித்துச் சொல்கிறது. வயதுவந்தோர் கல்வி பற்றிய 18ஆம் பிரிவோ, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த நடவடிக்கை வரும்வரை பிள்ளைகள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

வகுப்பில் நம் பிள்ளைகளோடு எழுதப் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் உட்காருகிறார்கள். அதையும் சிலர் ஆட்சேபித்தார்கள். பள்ளியில் எல்லாரோடும் சேர்த்து உட்கார வையுங்கள் என்று கேட்கிற நாம், நம் வகுப்பில் கதவைச் சாத்தலாமா? நம் பிள்ளைகளில் ஒருத்திக்கு வயது 26. கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழுகிறது என்று வங்கியில் பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பழைய சீட்டுகளின் பின்பக்கம் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிப் பழகினாள். பக்கத்தில் பூக்கார அம்மாவும் அதே கட்டத்தில் தன் பெயரை எழுதிப் பழகினார். அவள் கையெழுத்து இப்போது ஒரே மாதிரி விழுகிறது; பூக்கார அம்மா கைநாட்டு வைப்பதில்லை.

சந்தா வருடத்துக்கு 300 ரூபாய்தான். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சலுகை ஆணை கைக்கு வரும்வரை தினமும் போன் வருகிறது. ரிசல்ட் வந்தபின் நான் அடித்தால் எடுப்பதில்லை. பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.

வரவு செலவு பொருளாளர் வாசிப்பார். கையைக் கடிக்கவில்லை, மிச்சம் என்று சொல்லவும் பெரிதாக இல்லை. மண்டபம் தந்தவருக்கும், சிறப்பாசிரியர்களுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஞாயிறு வகுப்பு தொடருமா என்று கேட்கிறார்கள். ஆசிரியரின் பஸ் செலவையாவது கொடுத்தாக வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். போன வருஷமும் இதைத்தான் சொன்னேன். சரி, ரசீது புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது. டீ வர இன்னும் பத்து நிமிடம் ஆகுமாம்.