கயலின் கிராஃப் தாள் பற்றி

அன்புள்ள சேகருக்கு,

கடிதமும், கயல் வரைந்த கிராஃப் தாளின் படமும் கிடைத்தன. "கோடு நேராத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு மிஸ் தப்பு போட்டாங்க?" என்று கேட்டிருக்கிறாய். உன்னை ஏமாற்றியதே அந்த நேர்க்கோடுதான்.

கணக்கு 3எக்ஸ் − 2ஒய் = 4. அவள் குறித்த புள்ளிகள் (0, 2), (2, −1), (4, −4). மூன்றும் பிசகாமல் ஒரே கோட்டில் விழுகின்றன. ஆனால் அது வேறு சமன்பாட்டின் கோடு. ஒய்யைத் தனியாகப் பிரிக்கையில் −2ஒய் = 4 − 3எக்ஸ் என்பது வரை சரியாக வந்திருக்கிறாள். அடுத்து −2ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 2ஆல் வகுத்துவிட்டாள். ஒய் = (3எக்ஸ் − 4)/2 என்று வர வேண்டியது (4 − 3எக்ஸ்)/2 ஆகிவிட்டது. ஒரு கழித்தல் குறி போனதில், இடமிருந்து வலமாக ஏற வேண்டிய கோடு இறங்குகிறது.

மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் வந்தால் கணக்கு சரி என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொடுக்கிறோம். அது பாதிதான் உண்மை. கோடு போட இரண்டு புள்ளி போதும். அதில் ஒன்று தப்பாக இருந்தால் மூன்றாவது காட்டிக்கொடுக்கும். ஆனால் சமன்பாட்டை மாற்றி எழுதும்போதே பிழை விழுந்துவிட்டால் மூன்றும் சேர்ந்தே தப்பான கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அட்டவணை போட்டதும், ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக் கேள்வித்தாளில் இருக்கும் அதே சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும், தான் பிரித்து எழுதியதில் அல்ல. (2, −1)ஐப் போட்டால் 6 + 2 = 8 வருகிறது. வர வேண்டியது 4. ஸ்கேலைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

எக்ஸுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பிள்ளைகள் பழக்கத்தில் 0, 1, 2 என்று போட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கில் எக்ஸ் = 1 என்றால் ஒய் = −½. ஒற்றைப்படை எண் எதைக் கொடுத்தாலும் அரைதான் வரும். கீழே 2 இருப்பதால் இரட்டைப்படையாகக் கொடுக்கச் சொல்: −2, 0, 2, 4 கொடுத்தால் ஒய் −5, −2, 1, 4 என்று முழு எண்ணாக வந்துவிடும். கூடவே புள்ளிகள் தள்ளித் தள்ளி இருப்பதும் நல்லது. 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்றில் பென்சில் 1 மி.மீ. விலகினால், மற்றதிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போகும்போது கோடு 1 செ.மீ. விலகி நிற்கும்.

2எக்ஸ் + 3ஒய் = 12 மாதிரி வந்தால் அட்டவணையே வேண்டாம். எக்ஸை 0 ஆக்கினால் ஒய் 4, ஒய்யை 0 ஆக்கினால் எக்ஸ் 6. இரண்டு அச்சிலும் வெட்டும் இடம் கிடைத்துவிட்டது. சரிபார்க்க (3, 2) ஒன்று. எல்லாவற்றுக்கும் இந்தக் குறுக்குவழி ஒத்துவராது. கயலின் கணக்கில் எக்ஸ் அச்சை வெட்டுவது 4/3இல், 1 செ.மீ.க்குப் பத்துப் பிரிவு உள்ள தாளில் 1.33ஐ எங்கே குத்துவது? 2எக்ஸ் − ஒய் = 0 என்றால் இன்னும் வேடிக்கை, இரண்டு முறையும் ஆதிப்புள்ளியே (0, 0) விடையாக வரும். இன்னொரு எண் கொடுத்தே ஆக வேண்டும்.

எக்ஸ் = 3 என்று மட்டும் வந்தால் பலர் படுத்த கோடு போட்டுவிடுகிறார்கள், எக்ஸ் அச்சு படுத்திருப்பதால். அதற்கு (3, 0), (3, 2), (3, 5) என்று புள்ளி எழுத வைத்தாலே போதும், நின்ற கோடு தானாக வரும்.

அளவுத்திட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒரே அச்சில் நடுவில் மாற்றக் கூடாது. இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகத்தை விட ஆட்டோ மீட்டர் நல்லது. சென்னையில் 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். (யார் அந்தக் கட்டணத்துக்கு வந்தார்கள் என்று நீ கேட்காதே, கணக்கை மட்டும் பார்.) 1.8க்கு மேல் ஒய் = 12எக்ஸ் + 3.4. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ., ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய் என்று எடுத்தால் 10 கி.மீ.க்கு உண்டான 123.4 ரூபாய் பன்னிரண்டே கால் செ.மீ.க்குச் சற்று மேலான உயரத்தில் தாளுக்குள் அடங்கிவிடும். கட்டத்தை எண்ணிப் பார்த்தால் ஒரு கட்டம் வலப்பக்கம் போக ஒன்றேகால் கட்டத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறும். அதைப் பார்த்து சாய்வு (எக்ஸ் 1 கூடும்போது ஒய் எவ்வளவு கூடுகிறது என்பது) 1.2 என்று எழுதிவிடுவாள், சாய்வு 12தான். எண்ண வேண்டியது ரூபாயையும் கிலோமீட்டரையும்.

அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டி அம்புக்குறி போட விடாதே. 1.8க்கு முன்னால் 25 ரூபாயில் படுத்த கோடுதான், (1.8, 25)இல் மடங்கி அங்கிருந்து ஏறும். கயலின் தாளில் நேர்மாறான குறை: கோடு முதல் புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் நின்றுவிட்டது. 3எக்ஸ் − 2ஒய் = 4க்கு முடிவு கிடையாது, இருபுறமும் நீட்டி அம்புக்குறி போடச் சொல்.

ஆட்டோ கணக்கையும் வரைந்து படம் அனுப்பச் சொல். பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளட்டும், போன படத்தில் புள்ளி ஒவ்வொன்றும் மிளகு அளவுக்கு இருந்தது.

அன்புடன்,
ரவி