24 மணி நேரம் எரியும் என்றீர்கள், பூசை முடியும் வரைகூட எரியவில்லை

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
குளச்சல் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 06-01-2025

பொருள்: நிறம் மாறும் ஸ்மார்ட் லைட் (4 எண்ணம்) – பேட்டரி நீங்கள் சொன்ன நேரம் நிற்காதது – பணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா / அம்மா,

சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் உங்கள் உருண்டை லைட்டில் நான்கு வாங்கினேன். ஒன்று 949 ரூபாய், மொத்தம் 3,796 ரூபாய். டிசம்பர் 2ஆம் தேதி வீட்டுக்கு வந்தது. பில் இத்துடன் இருக்கிறது.

இதை எதற்கு வாங்கினேன் என்று சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும். எங்கள் பக்கம் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், முற்றத்தில் கிறிஸ்துமஸ் குடில் எழும்பும். எங்கள் குடில் பலா மரத்தடியில். வீட்டுப் பிளக்கிலிருந்து அங்கே வயர் இழுத்தால் ஈர மண்ணில் கிடக்கும், பிள்ளைகள் மிதித்து ஓடும். அந்தப் பயத்தில்தான் பேட்டரி லைட் தேடினேன். வண்ணம் மாறும் வைஃபை பல்பு இதில் பாதி விலைக்கே கடையில் கிடைக்கிறது. கூடுதலாக நான் கொடுத்த பணம் முழுவதும் அந்த பேட்டரிக்குத்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘ஒரு முறை சார்ஜ் செய்தால் 24 மணி நேரம் வரை’ என்று போட்டிருந்தீர்கள்.

டிசம்பர் 24 சாயங்காலம் ஆறரைக்கு நான்கையும் முழு சார்ஜில் வைத்து, வெள்ளை வெளிச்சத்தில் போட்டேன். 8.40க்கு முதல் லைட் சிவப்பாக இரண்டு முறை கண் சிமிட்டி அணைந்தது. ஒன்பது மணிக்குள் மற்ற மூன்றும் போய்விட்டன. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தபோது குடில் கும்மிருட்டு. தங்கை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, பாலன் ஏசு உறங்கியாச்சா?” என்று கேட்டாள். செல்போன் டார்ச்சை அடித்துத்தான் சுரூபத்தைக் காட்டினேன்.

ஒரு நாள் கூத்தை வைத்துக் குறை சொல்லக் கூடாது என்று அடுத்த வாரம் முழுக்கச் சோதித்தேன். முழு வெள்ளையில் 2 மணி 10 நிமிடம். பாதி வெளிச்சத்தில், வானவில் மாதிரி நிறம் ஓடவிட்டால் நாலேகால் மணி. ஆகக் குறைந்த வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் என்றால் 21 மணி நேரம். ஆக, நீங்கள் சொல்லும் 24 மணி நேரத்துக்கு அருகில் வருவது அந்தக் கடைசிக் கணக்கு ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில் குடிலில் நிற்பது ஆடா கழுதையா என்று எனக்கே தெரியவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. லைட்டின் அடியில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்: 3.7 வோல்ட், 2000 எம்.ஏ.எச். (அதாவது 2 ஆம்பியர்-மணி), 3 வாட். முதல் இரண்டையும் பெருக்கினால் 7.4 வாட்-மணி. அதை 3 வாட்டால் வகுத்தால் இரண்டரை மணி நேரம்கூட முழுசாக வராது. 24 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் லைட் 0.3 வாட்டில், அதாவது பத்தில் ஒரு பங்கில் எரிய வேண்டும். பெட்டி அச்சடிக்கும் முன்னால் உங்கள் ஆட்களும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். ‘வரை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தது சரியில்லை.

இன்னொன்று. செல்போன் ஆப்பில் அணைத்துவிட்டு மேசையில் வைத்தாலும் மூன்றாம் நாள் சார்ஜ் காலி. ஆப் எப்போது கூப்பிடும் என்று வைஃபை விழித்தே கிடப்பதால் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் இருக்கும் பொத்தானை அணைத்தால் சார்ஜ் இறங்காமல் நிற்கிறது. ஆனால் அப்புறம் ஆப்புக்கு லைட் இருப்பதே தெரியாது. எழுந்து போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்மார்ட்டாக வேண்டுமென்றால் எந்நேரமும் சார்ஜரில் செருகி வைக்க வேண்டும் என்றால், பேட்டரிக்கு நான் ஏன் காசு கொடுத்தேன்?

உங்கள் சேவை மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். முதல் முறை ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றச் சொன்னார்கள். செய்தேன். இரண்டாம் முறை வெளிச்சத்தைக் குறைத்து வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை, ஏழு நாள் திருப்பி அனுப்பும் காலம் டிசம்பர் 9 அன்றே முடிந்துவிட்டது என்றார்கள். பதில் எழுதிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஓராண்டு வாரண்டி இருக்கிறது. அதோடு நான் சொல்வது பொருள் பழுதானது பற்றி அல்ல, பெட்டியில் எழுதியது உண்மைக்கு மாறாக இருப்பது பற்றி. அதற்கு ஏழு நாள் கணக்கு செல்லாது.

நான்கு லைட்டையும் எடுத்துக்கொண்டு 3,796 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மாற்று லைட் வேண்டாம், அதே மாடலில் இன்னொன்று வந்து என்ன ஆகப்போகிறது? முழு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைப் பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. சோதித்தபோது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன.

லைட்டுகள், சார்ஜ் கேபிள், ரிமோட் எல்லாம் அதே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நாங்கள் பூசைக்குப் போயிருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பெட்டியின் புகைப்படம், சேவை மையப் பதில்கள் மூன்று.